லெப்பை முதலாளி சட்டைக் கையைச் சுருட்டியபோது

பக்கத்து மதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் நிம்மதியாக இருப்பான். அரைகுறையாகப் படித்தவன்தான் நடுங்குவான். நான் படித்தவன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு நான் உபதேசியாராக வந்த புதிது. பதுளைக் கடைத்தெரு முஸ்லிம்களிடம் என்னைச் சுவிசேஷம் சொல்லப் போகச் சொன்ன வெள்ளைக்காரப் பாதிரியார், "முதலில் இஸ்லாத்தைப் புரிந்துகொள்" என்று தடித்த புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். ஐந்து கடமைகளையும் வரிசை தவறாமல் மனப்பாடம் செய்தேன். ஆனால் மனதில் தங்கியது, 'வாதத்தில் தோற்றால் கையை ஓங்குவார்கள்' என்ற வரிதான்.

முதலில் லெப்பை முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் போனேன். நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். இயேசுநாதர் தேவகுமாரன் என்பதை நிரூபிக்க ஆரம்பித்தேன். (தேத்தண்ணி பாதி வேட்டியில்.) தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், வெளியே வெயிலைப் பார்த்தார். எழுந்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிச் சாரத்தைத் தூக்கிக் கட்டினார்.

"வாங்க எல்லாரும்!"

கடையாட்கள் நால்வரும் கையைச் சுருட்டினார்கள்.

"உபதேசியார், நீங்க இரிங்க. போயிராதீங்கோ, வந்து பேசுவம்."

பக்கவாசலால் போனார்கள். கம்பெடுக்கத்தான் என்று முடிவு செய்தேன். முன்வாசலால் ஓடினால் தெரு முழுக்க அவர்களுடைய ஆட்கள். பின்கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். அங்கே முற்றத்துக் கிணற்றடியில் ஐவரும் நின்றார்கள்.

மண்டியிட்டேன். "முதலாளி, நான் பிள்ளகுட்டிக்காரனுங்க!" (அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.)

அவர் கன்னம் புடைக்க, கண்ணை உருட்டிப் பார்த்தார். அதைவிடப் பயங்கரமான முகத்தை நான் இதுவரை கண்டதில்லை. பிறகு வாயிலிருந்த தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார்.

"தொழப் போறம், கைகால் கழுவுறம். அது கெடக்கட்டும், கடையில ஆரு?"

"யாரும் இல்லைங்க."

"அட, உங்கள நம்பித்தானே எல்லாரும் எழும்பி வந்தம்!"

எல்லோரும் ஓடினோம். பருப்பு மூட்டைக்குள் ஒரு மாடு கழுத்துவரை தலையை விட்டிருந்தது.

தொழுமுன் கைகால் கழுவுவதும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதையும் மனப்பாடம் செய்திருந்தேன். பயத்தில் ஓர் எழுத்தும் உதவவில்லை. என் வேதத்தை ஏற்காத மனிதர், என்னை நம்பிக் கடையை விட்டுப் போயிருந்தார். அதற்குமேல் அன்று நான் எதையும் நிரூபிக்கப் போகவில்லை.

பிற்பாடு வந்த மனைவிக்கு இந்தக் கதையை முதலாளியே சொல்லிக் கொடுத்துவிட்டார். இன்றும் பிள்ளைகளை அடிக்க நான் சட்டைக் கையைச் சுருட்டினால் அவள் பதறுவதில்லை.

"பயப்படாதீங்கடி, அப்பா கைகால் கழுவத்தான் போறாரு" என்கிறாள்.