வாய் நிறையப் புதினா

துவைக்க எடுத்த சட்டையின் பையிலிருந்து வாடிப்போன புதினாக் கொத்து ஒன்றை உருவினாள் அன்புக்கரசி.

"ஏங்க, சட்டைப் பையில என்ன தழை இது?"

சகாயராஜுக்கு வியர்த்தது. சிகரெட் குடிக்கிறவருக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று பெண் பார்க்கப் போனபோதே சொன்னவள் அவள். விட்டுவிட்டதாக மாதா கோயிலில் வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் போன தையில் கல்யாணமே நடந்தது. சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடையில் அவனுக்கு வேலை. சாயங்காலம் கடை முடிந்ததும் ஒரு சிகரெட், பிறகு வாய் நிறையப் புதினா, அப்புறம்தான் வீடு.

"அது... புதினா. செரிமானத்துக்கு டாக்டர் மெல்லச் சொன்னாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

மறுநாள் இட்லிக்குப் புதினாச் சட்னி. மதியத் தூக்குவாளியில் புதினா சாதம், வெஞ்சனம் புதினாத் துவையல். ராத்திரி புதினா ரசம். வாரம் முழுக்க இதே கதை.

"வயிறு சரியாயிருச்சு அன்பு. போதும்."

"பாத்தீங்களா, புதினாதான் கேட்டிருக்கு! நிப்பாட்டிராதீங்க."

பல் வலிக்கிறது, மெல்ல முடியவில்லை என்றான். புதினாவைக் காயவைத்து, உப்புச் சேர்த்து இடித்து, பல்பொடி ஆக்கிக் கொடுத்தாள். தலை வலிக்கிறது என்றான். "டிவியில சொன்னாங்க" என்று அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். அதைக் கழுவ மறந்து கடைக்குப் போனவனை முதலாளி பெருமாள்சாமி உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, மூஞ்சில பாசி புடிச்சிருக்கு?"

கடைசியில், சிகரெட்டைப் பற்றவைத்தாலே அடுத்து மெல்ல வேண்டிய தழை ஞாபகம் வந்து குமட்டியது. பாக்கெட்டைச் சாக்கடையில் வீசினான். நிஜமாகவே விட்டுவிட்டான். ஆனால் வீட்டில் புதினா விடவில்லை; கொல்லையில் பாத்தி கட்டியே வளர்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அகரத்திலிருந்து அவள் அண்ணன் அந்தோணிராஜ் வந்தான். சகாயராஜ் அவனைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், நீங்கதான் தங்கச்சிகிட்டச் சொல்லி இந்தப் புதினாவ நிப்பாட்டணும். சிகரெட் வாடை தெரியக் கூடாதுன்னுதான் அதை மென்னுக்கிட்டிருந்தேன். இப்ப சிகரெட்டையே விட்டுட்டேன், காப்பாத்துங்க!"

அந்தோணிராஜ் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கோவிச்சுக்கிராதீங்க மாப்ள. கல்யாணம் நின்னு போயிருமோன்னு நாங்களும் ஒண்ணை மறைச்சுட்டோம். அவளுக்குப் பொறந்ததுல இருந்தே மூக்குல ஒரு வாசனையும் தெரியாது!"