முக்கால் டாக்டரின் பிராக்டிக்கல் பரீட்சை

தூத்துக்குடி அதுவரை கண்ட டாக்டர்களிலேயே அதிகம் படித்தவர் முக்கால் டாக்டர்தான். மற்றவர்கள் எல்லாரும் படித்து முடித்துவிட்டார்கள். அவர் மட்டும் முடிக்காமல் படித்துக்கொண்டே இருந்தார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. தோணியில் ஏறும் மூட்டைகளைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. அவருடைய அப்பா உப்பள முதலாளி. ஒரே மகனை எப்படியாவது டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்று சென்னைக்கு அனுப்பி எல்.எம்.பி. படிக்க வைத்தார். மகனும் எழுத்துப் பரீட்சை அத்தனையிலும் வெளுத்து வாங்கிவிட்டார். மிச்சமிருந்தது பிராக்டிக்கல் ஒன்றுதான். ஒரு நோயாளியைப் படுக்கவைத்து, தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, இன்ன வியாதி என்று பெரிய டாக்டர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் வைத்தியம் பார்க்க லைசென்ஸ். அந்த இடத்தில்தான் நம்மவர் ஒவ்வொரு தடவையும் குப்புற விழுந்துகொண்டிருந்தார்.

"முக்கால் டாக்டர் ஆயாச்சுவே, இன்னும் கொஞ்சந்தான் பாக்கி" என்று அவரே ஒரு நாள் கடைத்தெருவில் வாயை விட்டார். ஊருக்கு அது போதாதா? பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு ரேஷன் கார்டில் மட்டும் தங்கிவிட்டது.

அவருக்கு இருந்த கோளாறு ஒன்றே ஒன்று. மனுஷ உடம்பைத் தொடக் கூச்சம். "அடுத்தவன் வயித்துல கைய வைக்கதுக்கு ஒரு மாதிரியா இருக்குவே" என்பார். டாக்டருக்குப் படிக்கிறவர் சொல்லக்கூடிய பேச்சா இது? முதல் பிராக்டிக்கலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, புத்தகத்தின் நாலைந்து பக்கங்களை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். பரீட்சை வைத்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லும்" என்று கேட்டார். "புத்தகப்படி வீங்கியிருக்க வேண்டும் சார்" என்றார் இவர். படுத்துக்கிடந்த நோயாளிக்கே மனசு கேட்காமல், இவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாராம். கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் மாதிரி இவர் கையை உதறியிருக்கிறார். அந்த வருஷம் அவ்வளவுதான்.

அப்பா மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "புஸ்தகத்த மூடு. ஆளப் பாரு."

எந்த ஆளை? தெருக்காரர்கள் இவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஒற்றை விரல் நுனியால் என் நாடியைத் தேடி முழங்கை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் அகப்பட்டவர்கள் சங்கு குளிக்கிறவர்கள். கடலுக்குப் போகாத நாட்களில் அவர்களுக்குப் பொழுது போகாது. முதலாளி வீட்டில் காப்பியும் வடையும் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கும்பலாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் ஆள் அந்தோணி. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. முக்கால் டாக்டர் அவருடைய முதுகில் குழாயை வைத்தார். உடம்பில் கை படாமல் வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க அண்ணாச்சி."

அந்தோணி பிடித்தார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது இவருக்கு மறந்துவிட்டது. உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். குழாயை வைத்தார். சத்தமே இல்லை. இடம் மாற்றி வைத்தார். அங்கேயும் இல்லை. அந்தோணி கண்ணை மூடிக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, ஓடியாங்க! ஆளு போயிட்டாரு!"

தெருவே ஓடிவந்தது. அந்தோணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். புஸ்ஸென்று மூச்சை விட்டார்.

"நீங்க விடச் சொல்லலியே தம்பி" என்றார்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு இவர் நெஞ்சை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார். காதில் ஒரு வசதி இருந்தது. தொட வேண்டாம். தள்ளி நின்று, கண்ணாடியால் வெளிச்சத்தை உள்ளே விழவைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தால் போதும். வந்த ஆட்கள் அத்தனை பேர் காதையும் பார்த்தார். ஆழத்தில் முங்கி முங்கி, சின்ன வயசிலேயே செவிப்பறை கிழிந்துபோன காதுகள் அவை. பார்த்த காதில் எல்லாம் ஓட்டை. ஓட்டை இருப்பதுதான் காதுக்கு அழகு என்று இவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"புஸ்தகத்துல அப்படி இல்லியேவே?" என்று கேட்டேன்.

"புஸ்தகம் வெள்ளக்காரன் காதப் பாத்து எழுதுனது. நான் நம்ம ஆளுக காத நேர்ல பாத்துருக்கேன்" என்றார். அதுநாள் வரை புத்தகத்தைத் தவிர எதையும் நம்பாத மனுஷன், புத்தகத்தை நம்ப வேண்டிய ஒரே இடத்தில் சுதேசியாகிவிட்டார்.

அடுத்த பிராக்டிக்கலில் ஒரு நோயாளியை முன்னால் உட்காரவைத்து, காதைப் பார்க்கச் சொன்னார்கள். இவருக்குக் கொண்டாட்டம். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, "செவிப்பறையில் ஓட்டையைக் காணவில்லை. பிறவியிலேயே ஏற்பட்ட கோளாறு" என்று அறிவித்தார்.

பரீட்சை வைத்தவர் எழுந்து வந்து தானும் பார்த்தார். "இவருடைய காது நன்றாக இருக்கிறதே?"

"அதுதான் சார் கோளாறே."

திரும்பி வந்தவர் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. வந்தபோது கொள்கையோடு வந்தார். பிராக்டிக்கல் பரீட்சையை அடியோடு ஒழிக்க வேண்டும்! நாடு முழுக்க வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். இவர் காப்பிக் கடையில் உட்கார்ந்து, பரீட்சையை வெளியேறச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாக்கது கைவேல. யோசிக்கதுதான் டாக்டர் வேல. அதுவும் ஒருத்தனுக்கு லேசான கேஸு வருது, இன்னொருத்தனுக்குப் பிரம்மனுக்கே புரியாத கேஸு வருது. ஒரு நா, ஒரு ஆளு, அத வச்சு ஒருத்தன் தலையெழுத்த எழுதுவாங்களாம். இது பரீட்சையா, லாட்டரிச் சீட்டா?"

அந்தப் பேச்சில் நியாயம் கொஞ்சம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். பைத்தியக்காரத்தனமாகவே பேசுகிற ஆளை நிம்மதியாகக் கேலி செய்யலாம். நடுவில் இப்படி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவருடைய அப்பாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. காப்பிக் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏலே, அளத்துல உப்பு அள்ள வாரவன்கிட்டயே ஒரு நா வேலையப் பாத்துட்டுத்தான் மறுநா வரச் சொல்லுதேன். ஆளோட வயித்த அறுக்கப்போறவன்கிட்ட பாக்க வேண்டாமா? இன்னும் ஒரு தடவதான். தேறுனா நீ டாக்டரு. இல்லன்னா அளத்துக்கு வந்து உப்பு இழுக்க பலகையப் புடி."

முக்கால் டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. அவருக்கு அந்த லைசென்ஸ் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒழிக்க வேண்டும் என்று அவர் கத்தியதெல்லாம் கிடைக்காத கோபம்தான்.

அந்தக் கடைசித் தடவைக்குச் சில மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார். வலி என்றால் அப்படி ஒரு வலி. அந்த நிலையிலும் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, தனக்கு என்னென்ன இருக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் பெண்களுக்கு மட்டும் வரக்கூடிய வியாதி உட்படப் பல வியாதிகள் சேர்ந்துவிட்டன. காய்ச்சல் ஏறியது. அப்பா பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரைக் கையோடு அழைத்துவரச் செய்தார். வெளியூர்க்காரர். மீசை இப்போதுதான் அரும்பிய மாதிரி இருந்தார்.

அவர் குனிந்து வயிற்றில் கை வைக்கப் போனார். முக்கால் டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பிராக்டிக்கல் பாஸா?"

"பாஸ்தான்" என்றார் அவர்.

"எத்தனாவது தடவையில?"

"முதல் தடவையிலேயே."

"ஒங்களுக்கு என்ன கேஸு குடுத்தாங்க?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "என்னவே இது? பரீட்சையே கூடாதுன்னு ஊரெல்லாம் கத்துனது நீருதான?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அது ஊருக்குச் சொன்னது. இது என் வயிறுவே!"

இதைவிட ஒளிவுமறைவு இல்லாத பதிலை நான் எந்த அரசியல்வாதியிடமும் கேட்டதில்லை.

வந்த டாக்டர் கெட்டிக்காரர். கோபப்படவில்லை. "சரி, நான்தான் உங்களுக்கு அந்நியன். உங்கள் கையை நீங்களே வைத்துப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே, வலது பக்கம். மெதுவாக அழுத்திச் சட்டென்று எடுங்கள்" என்றார். முக்கால் டாக்டர் கூசிக்கூசித் தன் வயிற்றிலேயே கையை வைத்தார். அழுத்தினார். எடுத்தார். அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டில் என் மனைவி விளக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

"குடல்வால்!" என்று அலறினார். "குடல்வால் வீங்கியிருக்கு! நானே கண்டுபுடிச்சுட்டேன்!" உயிர் போகிற வேதனையில் இருந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்கே அறுத்தார்கள். குடல்வால் உள்ளேயே உடைந்திருந்தது. பிழைப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அளத்தை எட்டிப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். அந்தோணியும் கூட்டாளிகளும் மாதாகோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த மனுஷனைக் கேலி செய்தே பொழுதை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு மூட்டையை எண்ண ஓடவில்லை. ஒரு தோணியே குறைவான சரக்கோடு போய், மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் போய்விட்டால் இந்தத் தெருவில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று அழுகையாக வந்தது.

பிழைத்துவிட்டார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியிலேயே பழியாகக் கிடந்தார். படுத்திருக்கிறவர்களிடம் போய், "கைய வைக்கட்டா அண்ணாச்சி? வலிச்சா சொல்லிரும், எனக்கு அந்த வலி தெரியும்" என்று கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்த்தார். சென்னைக்குப் போனார். தந்தி வந்தது. பாஸ்!

ரயிலை விட்டு இறங்கிய அன்றே கட்சி மாறிவிட்டார். "என்னவே பரீட்சை வைக்காங்க? ஒரே நாள்ல முடிச்சுருதாங்க. ஒரு வாரமாவது போட்டு வறுத்து எடுக்கணும். கண்டவனெல்லாம் டாக்டராயிட்டா நாட்டு ஜனங்க கதி என்ன?" எனக்கு அவரைக் கடலில் தூக்கிப் போடலாம் போல இருந்தது.

ஆனால் ஊர் அவரை நம்பவில்லை. லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டி, காலையும் மாலையும் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் போகவில்லை. பரீட்சையில் தேறியது யாருக்குத் தெரியும்? தேறாமல் இருந்தது எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து நான் தினமும் பார்ப்பேன்.

ஒரு நாள் போய்ப் படுத்தேன். "வயிறு ஒரு மாதிரியா இருக்குவே" என்றேன். ஒரு மாதிரியும் இல்லை. அன்றைக்குக் காலையில் ஒன்பது இட்லி சாப்பிட்டிருந்தேன்.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்தார். கூச்சமே இல்லை. மெள்ள, இடம் இடமாக அழுத்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சைக் கேட்டார். நாக்கைப் பார்த்தார்.

"ஒமக்கு ஒண்ணுமில்லவே. எந்திரிச்சுப் போவும்" என்றார்.

அதைவிடச் சரியாக எந்த டாக்டரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. வெளியே வந்து, நேரே துறைமுகத்துக்குப் போய், நான் செத்துப் பிழைத்த கதையையும் அவர் கைராசியையும் தோணி தோணியாக ஏறிச் சொன்னேன். மறுநாள் காலையில் அவர் வாசலில் செருப்புகள் கிடந்தன. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பொய் அதுதான்.