கேட்வேயில் நான் பிடித்த முதல் திருடன்

வேலையில் ஆர்வமாக இருப்பது ஆபத்தானது. சோம்பேறியாக இருந்த யாரும் இதுவரை சாமியை நடுவழியில் நிறுத்தியதில்லை. நான் நிறுத்தியிருக்கிறேன்.

கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கஹவத்தைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தபடியே வேலை. கம்பனி ஒரு வைஃபை பெட்டி தந்திருந்தது. அதில் இணைவது எதுவானாலும் முதலில் கம்பனியின் கிளவுட் கேட்வேக்குப் போய், அங்கிருந்துதான் உலகத்துக்குப் போகும். (தோட்டத்து கேட் மாதிரிதான், வாட்சர் மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டார்.) அந்த கேட்டில் யார் போகிறார்கள், எவ்வளவு கொண்டுபோகிறார்கள் என்று பதிகிற லொக் என்ற பதிவேட்டை அமைப்பது என் பொறுப்பு. ஒழுங்காகச் செய்து காட்டினால் வேலை நிரந்தரம்.

செய்து காட்டும் நாள் வந்தது. என் மேலதிகாரி ருவன் சேர் கொழும்பிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். லொக்கைத் திறந்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு இலக்கம்; மற்ற இலக்கங்கள் எல்லாம் கிள்ளிக் கிள்ளி அனுப்ப, ஒரே ஒரு இலக்கம் மட்டும் வாரி வாரி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பனியின் தகவலை யாரோ திருடுகிறார்கள் என்று சிங்களத்தில் அறிவித்தேன். முதலில் அது யாருடைய இலக்கம் என்று பார்க்கச் சொன்னார் சேர். வீட்டுக்குள் நிற்கும் திருடனிடம் அடையாள அட்டையா கேட்பார்கள்? தடுத்துவிட்டேன்.

உடனே சேரின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. என் திறமையில் பிரமித்துப்போனார் என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

அதற்குள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி அக்கா வாசலில் நின்றார்.

"தம்பி, சாமி நின்னுபோச்சுப்பா."

லயத்துக் கோடியில்தான் கோயில். அன்று தேர். டோஹாவில் லீவு கிடைக்காத தன் வீட்டுக்காரருக்கும், தோட்டத்தை விட்டுப்போன இன்னும் பலருக்கும், அக்கா போனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தாராம். என் பெட்டி வழியாக. அம்மாவைப் பார்த்தேன்.

"பாஸ்வேர்ட் கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? அவங்க வீட்டுப் பலாக்காய நாம திங்கலயா?"

திருடனின் இலக்கம் என் வீட்டு இலக்கம். நான் தடுத்தது என்னையே. சேர் எனக்குப் போன் எடுத்தார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அன்று பாதிச் சொல் தமிழில்தான் வந்தது. தட்டுத்தடுமாறித் தேர் வரைக்கும் சொல்லி முடித்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். வெளியே, டோஹாக்காரர் பார்க்காமல் தேரில் ஏற்றுவதில்லை என்று பூசாரி சொல்லிவிட, சாமியைத் தூக்கியவர்கள் தோளை இறக்காமல் வெயிலில் காத்து நின்றார்கள்.

சேர் அங்கிருந்தே லொக்கைத் திறந்து பார்த்தார். பிறகு, சாமி தேரில் ஏறும்வரை என் இலக்கத்தைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். லொக் மிக நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னார். என் தகுதிகாண் காலத்தை நீட்டினார்.

பிறகு வேலை நிரந்தரமாகி, அக்காவுக்குத் தனி இணைப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பயனில்லை. ஒவ்வொரு தேருக்கும் என்னைக் கணினி முன்னாலிருந்து எழுப்பிக் கொண்டுபோய், சாமியைச் சுமக்க விடுகிறார்கள். பக்தியால் அல்ல. போனைப் பிடித்தபடி செல்வி அக்கா டோஹாவுக்கு விளக்கம் சொல்வது என் காதில் விழும்.

"பயப்படாதீங்க, அவன் ரெண்டு கையும் இங்கதான் இருக்கு."