ஓர் உடலுக்கு ஒரு குரல்

கடலுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே ஆழிமேடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பொய்த்த வருடங்கள் உண்டு. ஆணைகள் பொய்த்த வருடம் கிடையாது.

முந்தைய மன்னர் காலத்தில் பஞ்சம் வந்தபோது, நாட்டில் வாய்கள் அதிகமாகிவிட்டன என்று அரசவை கண்டுபிடித்தது. ஏற்கெனவே பிள்ளை உள்ளவள் மறுபடி சூலுற்றால், காவலர்கள் வந்து இழுத்துப் போய்க் கருவைக் கலைத்தார்கள். ஏழாம் மாதக்காரியைக்கூடப் பாவிகள் விடவில்லை. அவள் வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மன்னர் மாண்டார். மகன் பெருங்கொடை வேந்தர் அரியணை ஏறினார். “கருவில் இருக்கும் உயிரும் என் குடியே. அதைத் தொட்டவன் என்னைத் தொட்டவன்” என்பது அவருடைய முதல் ஆணை. நாடே வெடி வெடித்துக் கொண்டாடியது. உப்பளத்தில் வேலை செய்யும் காத்தவனின் மனைவி மருதாயி வாசலில் விளக்கேற்றிக் கும்பிட்டாள். நல்ல ஆணைதானே? நானும் நல்லது என்றுதான் சொல்வேன். பழைய ஆணையையும் புதிய ஆணையையும் அவையில் உரக்கப் படித்தவர் ஒரே ஆள்தான், அவைமுதல்வர் மதிவாணர். தலைப்பாகையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

ஆனால் நல்ல ஆணையை அப்படியே விட்டுவிட்டால் அவைக்கு வேறு என்ன வேலை? அடுத்த ஆணை வந்தது. குடி என்றால் அதற்காக வாதாட ஒருவர் வேண்டுமல்லவா? கருவுற்ற ஒவ்வொருத்திக்கும், அவள் வயிற்றில் இருப்பவர் சார்பில் பேச ஒரு நாவாளர் நியமிக்கப்பட்டார். பிறகு, சூலுற்றவர்கள் ஓடம் ஏறக்கூடாது, உப்புக்கூடை சுமக்கக்கூடாது என்றார்கள். சுமக்காவிட்டால் சோறு எங்கிருந்து வரும் என்பதற்கு ஆணை இல்லை. கடைசியாக மருத்துவச்சிகளின் மூலிகைகள் அரண்மனைக் கிடங்குக்குப் போயின. அரசவை உத்தரவு தராமல் எந்த மருத்துவச்சியும் ஒரு வயிற்றில் கை வைக்கக்கூடாது.

இந்தச் சமயத்தில்தான் மருதாயி இரண்டாவது முறை உண்டானாள். மூத்தவள் தேனுவுக்கு நாலு வயது. தம்பிதான் வருவான் என்று அது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. மருதாயியும் தன் பழைய சேலையைக் கிழித்துத் தூளிக்குத் துவைத்து வைத்தாள். ஐந்தாம் மாதம் பனிக்குடம் உடைந்தது. காய்ச்சல் கண்டது.

மருத்துவச்சி பேச்சியக்கா வந்து பார்த்தாள். வெளியே வந்து காத்தவனிடம், “எய்யா, இந்தப் புள்ள நிக்காது. வயித்துல வெசம் ஏறுது. இப்பமே எடுத்துட்டா ஒம் பொண்டாட்டியக் காப்பாத்திரலாம். நான் கை வைக்க முடியாதே, கட்டிலோட தூக்கு, அவைக்குப் போவோம்” என்றாள்.

தூக்கிக்கொண்டு போனார்கள். தேனுவைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள்.

அவையில் பேச்சியக்கா விஷயத்தைச் சொன்னாள். மதிவாணர் தாடியை நீவிக்கொண்டு, “கருவில் துடிப்பு இருக்கிறதா?” என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் பிழைக்கத் தெரியாதவள். “இருக்கு சாமி. ஆனா அது நெலைக்காது” என்றாள்.

கருவின் நாவாளர் எழுந்தான். இளஞ்சேந்தன் என்று பெயர், சின்ன வயது. “அரசே, பழைய ஆணையின் காலத்தில் என் தாய் நாணற்காட்டில் ஒளிந்து என்னைப் பெற்றாள். என்னைக் கலைக்கச் சொன்ன இதே அவையில் எனக்காகப் பேச அன்று ஒருவரும் இல்லை. இன்று இந்த உயிருக்கு நான் இருக்கிறேன். துடிக்கும்வரை அது வாழ்கிறது. வாழ்வதைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை” என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. அவையே அழுதது. அவன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

கட்டிலில் கிடந்த மருதாயி கையைத் தூக்கினாள். “ஐயா, நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன்...”

மதிவாணர் பணிவோடு கும்பிட்டார். “அம்மையே, அவையின் தொன்மையான முறை தங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வாசலில் நுழையும் ஓர் உடலுக்கு ஒரு குரல். தங்கள் உடல் சற்றுமுன்தான் பேசி முடித்தது. மிக அருமையாகவும் பேசியது.”

“அப்ப நான் பேசுதேன்” என்று காத்தவன் முன்னால் வந்தான்.

“நீர் வேறு உடல். இது உமது வழக்கன்று.”

“ஏ, எம் பொண்டாட்டி சாவுறா, எனக்கு வழக்கில்லையா?” என்று அவன் கத்தினான். காவலர்கள் அவனைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மருதாயி மறுபடியும் ஏதோ சொல்லத் தொடங்கினாள். முறை தவறிய பேச்சைச் சங்கு ஊதி மறைப்பது அந்த அவையின் வழக்கம். ஊதினார்கள். கட்டிலருகே நின்ற பேச்சியக்காவுக்கு மட்டும்தான் அது காதில் விழுந்தது. “இந்தப் புள்ள வேணாம்னு நான் சொல்லல. வீட்ல ஒருத்தி இருக்கா, அவளுக்கு நான் வேணும்.”

துடிப்பு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று மன்னர் தீர்ப்பளித்தார். அது மறுநாள் மாலை நின்றது. உத்தரவு ஓலையோடு ஆள் ஓடி வந்தபோது மருதாயிக்கு நினைவு தப்பியிருந்தது. பேச்சியக்கா எவ்வளவோ பார்த்தாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறக்காத குடிக்கு அரச மரியாதை நடந்தது. மன்னரே அதற்குப் பெயர் சூட்டினார். நாடு ஒரு குடியை இழந்தது என்று முரசறைந்தார்கள். “ரெண்டு பேருய்யா! ரெண்டு பேரு!” என்று காத்தவன் கூட்டத்துக்குள் கதறினான். முரசுச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்?

காரியம் முடிந்ததும் அவன் தேனுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அவைக்குப் போனான்.

“பொறக்காததுக்குப் பேச ஆளு வச்சிய. சரி. இந்தா பொறந்தது. இதுக்குப் பேச யாரு?”

மதிவாணர் இளஞ்சேந்தனைப் பார்த்தார். இளஞ்சேந்தன் எழுந்தான். குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பிறந்தவருக்கு நாவாளர் இல்லை,” என்று மதிவாணரே சொன்னார். “பிறந்தவருக்கு இறைவன் நாக்கைக் கொடுத்திருக்கிறான். ஓர் உடலுக்கு ஒரு குரல். குழந்தையே பேசலாம்.”

காத்தவன் அதை இறக்கிவிட்டான். தேனு அவ்வளவு பெரிய மண்டபத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு மன்னரைப் பார்த்துக் கேட்டது.

“எங்கம்மாவ இங்கதான தூக்கிட்டு வந்தாங்க? வரச் சொல்லுங்க. எனக்குப் பசிக்குது.”

சங்கு ஊதுகிறவன் சங்கை எடுத்தான். ஆனால் குழந்தை முறை எதையும் தவறவில்லையே. கீழே வைத்துவிட்டான். மன்னர் மதிவாணரைப் பார்த்தார். மதிவாணர் தரையைப் பார்த்தார். இளஞ்சேந்தன் வாய்விட்டு அழுதான். அவை கலைந்தது.

மறுநாள் புதிய ஆணை வந்தது. இனிமேல் பிறந்த குழந்தைகள் அவைக்குள் நுழையக்கூடாது. பிறக்காதவர்களுக்குத் தடை இல்லை.