இரவல் டிஸ்க்

கொம்பனி மன்னிப்புக் கேட்ட அன்றைக்குத்தான் றொபி வீட்டு இணைய ரவுட்டரைக் கழற்றி, பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

அதுவரைக்கும் அவனுக்குப் பயமில்லை, துக்கம் மட்டும்தான். கேம் மெஷின் செய்கிற அந்தக் கொம்பனி, புதிய மெஷினோடு புதிய சட்டமும் கொண்டுவந்திருந்தது. ஒரு டிஸ்கை எந்த மெஷினில் முதலில் போடுகிறோமோ, அந்த மெஷினுக்கே அது சொந்தம். இரவல் கொடுத்தால் வேறெங்கும் ஓடாது. போதாக்குறைக்கு, மெஷின் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தில் கொம்பனியைக் கூப்பிட்டு வரவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விளையாட விடாது.

உலகமெல்லாம் விளையாடுகிறவர்கள் கொம்பனியைத் திட்டித் தீர்த்தார்கள். கண்டக்குழி என்கிற கடலோர ஊரில் இருந்துகொண்டு றொபியும் தன் பங்குக்கு ஆங்கிலத்தில் ஒரு வசனம் திட்டினான். எழுத்துப் பிழை பார்த்துத்தான் திட்டினான்.

கொஞ்ச நாளில் கொம்பனி குத்துக்கரணம் அடித்தது. பிழை எங்களுடையது, சட்டங்களை எடுத்துவிட்டோம், டிஸ்கை விரும்பியவருக்குக் கொடுங்கள் என்று அறிவித்தது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மெஷினை இணையத்தில் இணைத்து ஒரு அப்டேட் இறக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் றொபிக்குப் பயம் வந்தது. அவன் கற்பிட்டியில் ஐஸ் ஆலை ஒன்றின் மேற்பார்வையாளன். மீன் வியாபாரிகளோடு பழகிப் பழகி அவனுக்கென்று ஒரு ஞானம் ஊறியிருந்தது. விலையைக் குறைத்துக் கேட்கிற வியாபாரியை நம்பலாம், அது அவன் தொழில். தானாக வந்து விலையைக் கூட்டித் தருகிறவன் எதிரில் நின்றால், முதலில் தராசைப் பார்க்க வேண்டும். உன் வீட்டுப் பூட்டைத் திறந்துவிடுகிறேன், சாவியை ஒருக்கால் தா என்று கள்ளன் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

ஆகவே ரவுட்டர் அலுமாரிக்குள் போனது.

அடுத்த நாளே மெஷின் படுத்துவிட்டது. வரவு சொல்ல முடியவில்லை, இணையத்தில் இணையுங்கள் என்று திரையில் எழுதிவிட்டு, அதற்கு மேல் அசைய மறுத்தது. எந்த மெஷினைக் காப்பாற்றுவதற்காக இதையெல்லாம் செய்தானோ, அதில் விளையாடவும் முடியாமல் போயிற்று. பரவாயில்லை, மானம் முக்கியம் என்று றொபி தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அந்த மெஷின் டெனிஷா அனுப்பியது. டெனிஷா அவன் மனைவி. இத்தாலியில் ஒரு வயதான சீமாட்டியைப் பராமரிக்கிற வேலை. அவளுடைய உழைப்பில் எழும்பிய வீட்டில் மூன்று அறைகள் இருந்தன, றொபி ஒருவன் இருந்தான். சவர்க்காரத்துக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில் மெஷினை வைத்து அனுப்பி, சும்மா இருந்து யோசிக்காதீங்க, விளையாடுங்க என்று சொல்லியிருந்தாள்.

முகம் பார்த்து அவளோடு கதைப்பதும் ரவுட்டர் இல்லாமல் நின்றுபோயிற்று. சாதாரண அழைப்புக்கு வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற ஏணியில் பாதி ஏறினால் எடுக்கும். ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற காலம். ஏணியில் ஒரு கை, போனில் ஒரு கை என்று தொங்கிக்கொண்டு அவன் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

"யார் அங்க ஊதுறது?" என்று டெனிஷா கேட்டாள்.

"காத்து."

"ஆரு?"

"காத்து எண்டு சொல்லுறன். நான் ஏணியில நிக்கிறன்."

"என்னோட கதைக்க ஏன் ஏணியில ஏற வேணும்? வீட்டுக்குள்ள ஆரு இருக்கிறாங்க?"

கொம்பனியின் கபடத்தை அவன் ஏணியிலிருந்தபடியே விளக்கப் பார்த்தான். டெனிஷா பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டு முடித்து, "நீங்க கொம்பனிய நம்புங்க, நம்பாமப் போங்க. ரவுட்டரப் போட்டுட்டு எனக்கு கோல் எடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இப்படியாக மெஷினும் போய், மனைவியின் முகமும் போனது. மிச்சம் இருந்தவர், அண்ணன் முறை வைத்து றொபி நாநா என்று கூப்பிடுகிற ஹுனைஸ்.

ஹுனைஸ் மீன் லொறி ஓட்டுகிறவர். ஆலங்குடாவில் தங்கச்சி குடும்பத்தோடு இருந்தார். அவருடைய மனைவியும் வெளிநாட்டில்தான், குவைத்தில். லொறிக்கு ஐஸ் ஏற்ற வந்த இடத்தில் ஒருநாள் றொபி கேம் விளையாடுகிற கதையைச் சொல்ல, தன்னிடமும் ஒரு மெஷின் இருப்பதாக அவர் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து ஒரு டிஸ்க் இரவல் கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு அதைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்று எடுத்தார். பிறகு அது வழமையாகிவிட்டது. றொபி மாதா கோயிலுக்குப் போய் வந்து காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டுகிற நேரம் பார்த்து அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும். றொபிக்குப் புதிய மெஷின் வந்தபோது, மறு வாரமே தானும் புதியது எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் கொஞ்சம் விசித்திரமான ரசிகர். உதைபந்தாட்ட டிஸ்கைத் திருப்பித் தரும்போது, "நல்லம். ஆனா முடிவு எனக்குப் புடிக்கல்ல" என்பார். சண்டை டிஸ்க் என்றால் சத்தம் கூட என்பார். சேர்ந்து விளையாடுவோம் என்று றொபி கூப்பிட்டால், லொறி ஓட்டிக் கை உளைகிறது, ஊட்ட போய் ஆறுதலாப் போடுறேன் என்று சொல்லி இன்னொரு தேத்தண்ணி கேட்பார். ஆளுக்கொரு ருசி என்று றொபி விட்டுவிட்டான்.

புதிய சட்டத்தால் இந்த இரவல் நின்றுபோயிருந்தது; சட்டம் எடுபட்ட செய்தியை அவனிடம் முதலில் ஓடிவந்து சொன்னவரும் அவர்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"றொபி, எல்லாத்தையும் எடுத்துட்டானாம். போன்ல பாத்தேன். இனி முந்தி மாதிரிக் கொண்டுபோகலாம்."

"நீங்க நம்புறீங்களா நாநா?"

"மன்னிப்புக் கேட்டுட்டானே."

"மன்னிப்புக் கேக்கிறவன் ஏன் அப்டேட் கேக்கிறான்?"

ஹுனைஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். இந்த விஷயம் தெளியும் வரை டிஸ்க் எதையும் வெளியே விடுவதாக இல்லை என்று றொபி சொன்னான். அப்டேட்ட நம்பி உங்கட மெஷின்ல போட்டா அதுக்கே சொந்தமாப் போயிரும், பிறகு நீங்களும் நானும் சண்டை பிடிக்க வேண்டி வரும் என்று நியாயமும் சொன்னான். ஹுனைஸ் தேத்தண்ணியைக் குடித்தார். டிஸ்க் தட்டைப் பார்த்தார். வெறுங்கையோடு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கொண்டுபோக ஒன்றும் இல்லாதவருக்குக் கொண்டுவரவும் ஒன்றும் இல்லைத்தானே. றொபி பாணை வெட்டி, அரைவாசியைத் தின்று, மிச்சத்தை வாசலில் நின்ற கழுதைக்குப் போட்டான். கழுதையும் தின்றுவிட்டுப் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஐஸ் ஏற்ற வந்த ஹுனைஸைத் தனியே கூப்பிட்டு, உறை பிரிக்காத புதிய டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான். கொடுத்ததோடு நிபந்தனைகளும் சொன்னான். அப்டேட்டின் கபடம் என்னவென்று தெரியும் வரைக்கும் உறையைப் பிரிக்கக்கூடாது, மெஷினில் போடக்கூடாது. வேறு ஆளிடம் கொடுக்கக்கூடாது. டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு தடவை போன் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"சரி" என்றார் ஹுனைஸ்.

"போட ஏலாது, நாநா."

"போடல்ல. எத்தின மணிக்கு எடுக்கோணும்?"

ஆலையில் மாலை வேலை முடிந்து அவன் குளித்துவிட்டு இருக்கிற நேரத்தைச் சொன்னான். மதிலோரம் ஒரு மூலையில் சாதாரண அழைப்பு மட்டும் தட்டுத்தடுமாறி எடுக்கும் என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டான்.

அன்று மாலையே போன் அடித்தது. "டிஸ்க் பத்திரமா ஈக்கி, றொபி. உறை பிரிக்கல்ல" என்றார் ஹுனைஸ். வரவு அவ்வளவுதான். ஆனால் அவர் போனை வைக்கவில்லை. நுரைச்சோலைப் பக்கம் மணல் பறந்து ரோட்டை மூடியதைச் சொன்னார். வெங்காயம் போட்டவர்கள் படுகிற பாட்டைச் சொன்னார். குவைத்தில் இருக்கிற மனைவி, அங்கே மீனுக்கு மணமே இல்லை என்று சொல்லி அழுததைச் சொன்னார். றொபி சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து, போனை மதில்மேல் வைத்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். டெனிஷா போன பிறகு அவன் ஒருவரோடு இருந்து இராச்சோறு சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. இடையில் ஒரு தடவை சிரித்தும்விட்டான். புரைக்கேறியது.

மறுநாளும் டிஸ்க் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது.

ஆனால் நம்பிக்கை கெட்ட மனம் சும்மா கிடக்குமா? விளையாட முடியாத டிஸ்கை எந்த மனுசன் இவ்வளவு சந்தோசமாகக் காவல் காப்பான் என்று றொபிக்கு ஓடத் தொடங்கியது. ஒருநாள் பேச்சை வெட்டி, உறையின் அடியில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது, வாசியுங்கள் பார்ப்போம் என்று கேட்டான். ஹுனைஸ் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. ஒரு எழுத்தும் தவறவில்லை.

வாசித்து முடிந்ததும் றொபிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரவல் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு தடவை வரவு சொல் என்று ஒரு கொம்பனி கேட்டதற்காக ஊரைக் கூட்டிய ஆள், தானே ஒரு கொம்பனி நடத்திக்கொண்டிருக்கிறானே. அந்த இடத்திலேயே அவன் சட்டத்தை எடுத்துவிட்டான்.

"இனி ஒவ்வொரு நாளும் நீங்க போன் எடுக்கத் தேவல்ல நாநா. உங்கள நம்புறன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

மறுமுனையில் டிஸ்க் உறை சரசரத்தது.

"நான் என்ன பிழ செஞ்சேன்?" என்று கேட்டார் ஹுனைஸ்.

"ஒரு பிழையும் இல்ல."

"சும்மா ஒருத்தன் சட்டத்த எடுக்க மாட்டானே, றொபி."

அது நான் சொல்கிற வசனம் அல்லவா என்று றொபி யோசிப்பதற்குள் போன் வைபட்டுவிட்டது.

அடுத்த நாள் மாலை அவன் சோற்றுக் கோப்பையோடு மதிலோரம் இருந்தான். போன் மதில்மேல் இருந்தது. அது அடிக்கவில்லை. அவனே எடுத்துப் பேசலாம்தான். ஆனால் எடுக்க வேண்டாம் என்று சொன்னவன் தானே எடுத்து எதைக் கேட்பது? டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டால் சந்தேகப்படுவதாகிவிடும். அது தவிர வேறு கேள்வி அவர்களுக்கிடையில் இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. அன்று பகல் ஐஸ் ஆலையிலும் ஹுனைஸ் லொறியை விட்டு இறங்கவில்லை. வேறு ஆளை அனுப்பி ஏற்றிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். றொபி கோப்பையைக் கீழே வைத்தான். கச்சான் காற்று கதிரையைத் தள்ளி விழுத்தியது, அவன் நிமிர்த்தி வைத்தான். திரும்பவும் விழுத்தியது. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான்.

மூன்று அறைகளிலும் ஒரு தடவை நடந்து பார்த்தான். பிறகு அலுமாரியைத் திறந்து ரவுட்டரை எடுத்தான். களவெடுக்கிறவன் களவெடுக்கட்டும் என்று அப்டேட்டை இறக்கினான். கொம்பனி அவனிடமிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. மெஷின் மரியாதையாக எழும்பி, இனி வரவு சொல்லத் தேவையில்லை, டிஸ்குகளை யாருக்கும் கொடுக்கலாம் என்று எழுதிக் காட்டியது. கொடுக்க ஆள்தான் இல்லை.

டெனிஷாவின் முகம் போனில் தெளிவாக வந்தது. அவள் போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்து, மெலிஞ்சுபோயிட்டீங்க என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஹுனைஸின் கதை வந்த இடத்தில் அவள் மறித்தாள்.

"எப்பவும் அவருதானே வாறவர். நீங்க ஒருக்காலாவது அவர்ர வீட்ட போயிருக்கிறீங்களா?"

போயிருக்கவில்லை. அந்த யோசனையே அவனுக்கு வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், இருந்த டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மோட்டார்சைக்கிளில் மாட்டிக்கொண்டு றொபி ஆலங்குடாவுக்குப் போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். புதிய அப்டேட் சரியா பிழையா என்று நாநாவின் மெஷினில் போட்டுத்தான் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். சும்மா பார்க்க வந்தேன் என்று ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

விசாரித்து விசாரித்துப் போனான். வேலியடைத்த சின்ன வீடு. ஹுனைஸின் தங்கச்சி சிபானா வாசலுக்கு வந்தாள். பெயரைச் சொன்னதுமே, ஐஸ் ஆலைத் தம்பியா என்று கேட்டுக் கதிரை போட்டாள். நாநா கடைக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார், கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை, சோறும் சரியாகத் தின்பதில்லை என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

றொபி பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்ததை ஒப்புவித்தான்.

"நாநாட மெஷின்ல இத ஒருக்காப் போட்டுப் பாக்கலாம் எண்டு வந்தன், அக்கா. எந்த அறையில வெச்சிருக்கிறார்?"

சிபானா அவனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெஷினா? எங்கட ஊட்டுல டீவியே இல்லையே, தம்பி. திருப்பிக் குடுக்க ஒரு சாமான் கையில இருந்தாத்தான் ஒங்கட ஊட்டுக்கு வாறதுக்கு வெக்கமில்லன்டு நாநா சொல்லுவாரு."