காலை ஆறு முதல் ஏழு வரை

உலகத்தில் துளியும் பாரபட்சம் காட்டாத அமைப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று மரணம். மற்றொன்று எங்கள் தடகளச் சம்மேளனம். முன்னதிடமாவது சில சமயம் தவணை கிடைக்கும்.

என் மனைவி நூறு மீட்டர் ஓட்டக்காரி. பதினோரு நாடுகளில் ஓடியவள். பதின்மூன்றாம் தேதி இறந்தாள். பதினான்காம் தேதி சம்மேளனம் அவளுக்கு இரண்டு வருடத் தடை விதித்தது. இந்த ஒரு நாள் தாமதத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. அலுவலகம் என்றால் முன்னே பின்னே ஆகும்.

விதி எளிமையானது. சர்வதேச வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்த நேரத்தில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர் சொல்லாமல் வருவார். சிறுநீர் வாங்கிப் போவார். ஆள் இல்லையென்றால் ஒரு 'தவறல்'. வருடத்தில் மூன்று தவறல் என்றால் தடை. 'காலை ஆறு முதல் ஏழு வரை, வீடு' என்று படிவத்தை நிரப்பியவன் நான்தான்.

முதல் தவறல், பயிற்சி முகாமைச் சம்மேளனமே ஒரே நாளில் வேறு ஊருக்கு மாற்றியபோது வந்தது. சோதனைப் பிரிவுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். இரண்டாவது, வெளிநாட்டு விருந்தாளி ஒருவரை வரவேற்கக் காலை ஐந்தரைக்கே விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நிற்கும்படி துணைத்தலைவர் உத்தரவிட்ட அன்று. நின்றாள். தவறல் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவரும் அதே துணைத்தலைவர். "பூங்கொத்து வேற, சட்டம் வேறம்மா" என்று விளக்கினார். நேர்மை என்றால் இது.

பதினோராம் தேதி ஒரு போட்டி முடிந்து திரும்பினாள். இருபத்திரண்டு மணி நேர விமானப் பயணம். அவளுக்குக் கடைசி வரிசையில் நடு இருக்கை. உடன் சென்ற ஏழு 'பொறுப்பாளர்'களுக்கு முன்வரிசையில், கால் நீட்டிப் படுக்கும் இருக்கைகள். ஓடாத கால்களுக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை என்பது விளையாட்டு விஞ்ஞானம்.

பதின்மூன்றாம் தேதி காலை அவள் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. மூச்சு இழுத்தது.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மணி என்ன?"

"ஆறு அஞ்சு."

"ஏழாகட்டும். இன்னொரு தவறல்னா ரெண்டு வருஷம் போச்சு. மருந்து அடிச்சவள்னு பேப்பர்ல போடுவாங்க."

"மூச்சு வாங்குதேடி உனக்கு."

"ஓட்டக்காரிக்கு மூச்சு வாங்குறதெல்லாம் ஒரு வியாதியா? போய்க் கதவைத் திறந்து வை. காலிங் பெல் வேற வேலை செய்யல. அதுக்கும் என்னைத்தான் தூக்குவாங்க."

சம்மேளனத்துக்குப் போன் செய்தேன். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும் என்று பதிவு செய்யப்பட்ட குரல் சொன்னது. மிக இனிமையான குரல்.

யாரும் வரவில்லை. ஏழு மணி அடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். விமானத்தில் நெடுநேரம் மடங்கி உட்கார்ந்ததில் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று சொல்லிக்கொண்டே இறந்த நேரத்தை எழுதினார்.

மறுநாள் ஆறு பத்துக்குச் சோதனைக்காரர் வந்தார். நான் பிணவறை வாசலில் இருந்தேன். வீடு பூட்டியிருந்தது. அவர் ஏழு வரை காத்திருந்து அறிக்கை எழுதினார்: 'வீராங்கனை இல்லை. காலமாகிவிட்டதாக அக்கம்பக்கத்தார் வாய்மொழியாகக் கூறினர். ஆவணம் காட்டப்படவில்லை.'

ஆவணத்தோடு விசாரணைக் குழுவின் முன் போனேன். தடையை நீக்க வேண்டும், அவள் பெயரோடு அந்தக் கறை ஒட்டக் கூடாது. அதைத்தான் கேட்டேன்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். உட்காருங்க தம்பி" என்றார் துணைத்தலைவர். "இருப்பிட மாற்றத்தை ஏன் தெரிவிக்கல?"

"இறந்துட்டாங்க சார்."

"அது சரி. முந்தின நாள் சாயங்காலம் எட்டு மணிக்குள்ள தெரிவிக்கணுமே. எத்தனை மணிக்கு இறந்தாங்க?"

"காலையில ஏழு நாப்பது."

"பாருங்க, முழுசா பன்னிரண்டு மணி நேரம் கையில இருந்திருக்கு."

"ஓய்வு பெறும் படிவமாவது குடுத்திருக்கலாம்" என்று சட்ட ஆலோசகர் வருத்தப்பட்டார். "அதுல வீரர் கையெழுத்து கட்டாயம். ஆனா ரொம்பச் சுலபம்."

குழு கூடிப் பேசியது. மனிதாபிமான அடிப்படையில் தடை பதினெட்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. "அதுக்கப்புறம் அவங்க தாராளமா ஓடலாம்" என்று துணைத்தலைவர் என் தோளைத் தட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். தேநீர் வந்துவிட்டதால் அரை நிமிடத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆண்டு மலருக்கு அவளுடைய 'சாதனைப் பயணம்' பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். இதோ எழுதிவிட்டேன். முடிவில் சம்மேளனத்தின் சாதனையையும் பதிவு செய்வதுதான் முறை. அவளை ஒரு இடத்தில் உட்கார வைக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தே கொன்றீர்கள். அதற்கு நீங்கள் வரக்கூட வேண்டியிருக்கவில்லை.