இரும்புப் பரணி

வாழ்க அந்த மீசை! அமிலம் தின்ற சட்டையர், சூடான தேநீரை மறந்துவிட்டு ஆறிய தேநீரைத் திட்டிக்கொண்டே குடிப்பவர், புகைபோக்கிப் பெட்டிக்குள் தலையை நுழைத்த நாள்முதல் வீட்டு மணியோசை கேளாச் செவியர், குடுவைகளின் கோமான், கருந்தார் கண்டும் கலங்காக் கண்ணர், கரிமத்தைக் கரிமத்தோடு இரும்பைக் கொண்டே கோப்பேன் என்று சூளுரைத்த வேதியியலார், என் கணவர், அவர் புரிந்த பெரும்போரைப் பாடப் புகுகிறேன். காவியம் தொடங்குகிறவர்கள் கலைமகளைத் துணைக்கு அழைப்பார்கள். நான் அழைக்கவில்லை. அந்த ஆய்வகத்தின் நாற்றத்தை அவள் தாங்கமாட்டாள்.

இந்தப் போரில் நான் நேரில் கண்டது பாதி. மீதி, சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியைக் குடுவையாகவும் கரண்டியைப் பகைவனாகவும் நிறுத்தி அவர் நடித்துக் காட்டியது. நடிப்பில் கரண்டி ஒருமுறைகூட வென்றதில்லை.

போரின் காரணம் இது. மருந்து செய்கிறவர்களுக்கு ஒரு கரிம அணுவை இன்னொரு கரிம அணுவோடு கோக்க வேண்டியிருக்கிறது. அவையோ வீம்பு பிடித்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள். ஒரே குடுவையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டா. நடுவில் ஓர் உலோகம் தரகராகப் புகுந்து, இதன் கையைப் பிடித்து, அதன் கையைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் ஆகாமல் அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். அதுதான் வினையூக்கி. இந்தத் தொழிலில் பல்லேடியம் பெரிய இடத்துத் தரகர். காரியம் முடியும்; ஆனால் கட்டுப்படியாகாது. இரும்போ தெருமுனைத் தரகர். கூப்பிட்ட குரலுக்கு வருவார், வந்து காரியத்தைக் கெடுப்பார்.

எதிர் அறையில் அரசாண்டவர், வாழ்நாளெல்லாம் பல்லேடியத்தோடு புழங்கியதால் பல்லேடியப் பிரபு என்று பெயர் பெற்றவர், என் கணவரின் கல்லூரித் தோழர், ஆதலால் ஆருயிர்ப் பகைவர். ஒருநாள் இரண்டு அறைக்கும் நடுவே உள்ள நடைபாதையில் நின்று அவர் முழங்கினார்:

"யோவ், இரும்பை வெச்சு ஆணி பண்ணலாம், கட்டில் பண்ணலாம். கெமிஸ்ட்ரி பண்ண முடியாதுய்யா!"

நம் வேந்தர் வெகுண்டெழுந்தார். மூக்கின் கீழே தொடங்கிக் காதை நோக்கிப் படையெடுத்துப் பாதி வழியில் கூடாரமடித்திருந்த அந்த மீசை துடித்தது.

"பண்ணிக் காட்டலைன்னா இந்த மீசையை எடுத்துடறேன்! எழுதி வெச்சுக்கோ!"

"எழுதறதுக்கு என்ன இருக்கு? மூஞ்சியிலேயே இருக்குல்ல" என்றார் பிரபு.

அன்று மூண்டது போர். வருடங்கள் உருண்டன. இரும்பின் உப்புகளை ஒவ்வொன்றாகப் படைநடத்தி, கரைப்பான்களை மாற்றி, காற்றை விரட்டி, நீரை விரட்டி, விரட்டிய நீரை மறுபடி ஒரு துளி சேர்த்து, சூடேற்றி, பனிக்கட்டியில் அமிழ்த்தி, அவர் எத்தனை வியூகம் வகுத்தாலும் மாலையில் குடுவையின் அடியில் படிந்தது என்னவோ தெருவுக்குப் போடும் தார்தான். அந்தத் தாரைத் தேய்த்துக் கழுவிய கையோடு வீடு வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் பழுப்பா வந்துது" என்பார். கறுப்புக்கும் பழுப்புக்கும் இடையே ஒரு மனிதன் இவ்வளவு காலம் நம்பிக்கையோடு வாழ முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

இங்கே ஒரு சிற்றாயுதத்தை அறிமுகம் செய்ய வேண்டும். குடுவைக்குள் இருப்பதைக் கலக்க, சுண்டுவிரல் நுனியளவு ஒரு காந்தக் குச்சியை உள்ளே போடுவார்கள். வெள்ளை உறை போர்த்தியது. கீழே தட்டுக்குள் ஒரு காந்தம் சுழல, மேலே இதுவும் சுழலும். ஆய்வகங்களில் இந்தக் குச்சிக்குச் சொந்தக்காரர் என்று எவரும் கிடையாது. அவசரத்துக்கு எதிர் அறையில் எடுப்பார்கள். திருப்பிக் கொடுப்பது அந்தக் குலத்தின் வழக்கமில்லை.

அப்படி எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு கிழட்டுக் குச்சி, உடலெங்கும் கீறல், ஒரு முனையில் கறுப்பு. அதைப் போட்டுக் கலக்கிய ஒரு நாளில், தார்க்கடல் பிளந்து வெண்பனி எழுந்ததுபோல், குடுவையில் படிகங்கள் மின்னின. கரிமம் கரிமத்தோடு கைகோத்துவிட்டது! வேந்தர் ஆர்த்தார். குச்சியை வெளியே எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரபுவின் அறைக்குப் பாய்ந்தார்.

"ஒரு தடவை வந்தா அது அதிர்ஷ்டம். என் கண்ணு முன்னால இன்னொரு தடவை பண்ணிக் காட்டு" என்றார் பிரபு, அசையாமல்.

அதற்குள் செய்தி பரவி, பெரிய கூட்டம் ஒன்றில் இரும்பின் வெற்றியை இவர் எடுத்துரைக்க வேண்டும் என்று அழைப்பும் வந்துவிட்டது. மறுபடி செய்தார். தார். புதுக் குடுவை, புது இரும்பு, புதுக் குச்சி. தார். அழைப்பை அனுப்பியவர்கள் மேடையில் வைக்க அவருடைய புகைப்படத்தைக் கேட்டார்கள். மீசையோடு அனுப்புவதா, இல்லாமல் அனுப்புவதா என்று தெரியாமல் விழித்தார்.

கடைசியில் நினைவுக்கு வந்தது கிழட்டுக் குச்சி. அன்றைக்கும் இன்றைக்கும் வேறான பொருள் அது ஒன்றே. தேடல் படலம் தொடங்கியது. அலமாரிகளின் அடியைத் துழாவி, கழுவுதொட்டியின் குழாயைக் கழற்றி, குப்பைக் கூடையைக் கவிழ்த்து, நுனியில் காந்தம் வைத்த நீண்ட கோலை வேலென ஏந்தி, அவர் ஆய்வகத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஊடுருவினார். சிக்கியவை பழைய திருகாணிகளும் ஒரு கரண்டியும். சினம் தலைக்கேறி எதிர் அறைக்குள் புகுந்தார்.

"என் குச்சியை எடுத்தது நீதானே?"

"உன் குச்சியா? உன் லேப்ல இருக்கற பாதிக் குச்சி என்னுதுய்யா! ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

வாடிய முகத்தோடு வீடு திரும்பிய வேந்தர் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜை நாடினார். அதன் கதவில், பல் டாக்டர் கொடுத்த சீட்டைத் தாங்கிப் பிடித்தபடி, கீறல் உடலும் கறுத்த முனையுமாகக் காட்சி தந்தது அந்தக் குச்சி.

"ஏய்! இது இங்கே எப்படி வந்துது?"

"உங்க சட்டைப் பையிலேர்ந்து. வாஷிங் மெஷின்ல கடகடன்னு உருண்டுச்சு, எடுத்து ஒட்டினேன்" என்றேன்.

"இத்தனை நாளா இங்கேயா இருக்கு?"

"நீங்க கதவைத் திறக்கறதோட சரி. என்னிக்கு மூடினீங்க, பார்க்கறதுக்கு?"

அவர் கை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன். "அதை எடுத்தா சீட்டு விழுந்துடுங்க. அப்புறம் உங்க பல்லுக்கு எப்போ போகணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என் பல்லு முழுக்கக் கொட்டட்டும்! கார்பன் சேரணும்!" என்று பிரகடனம் செய்து, குச்சியோடு வெளியேறினார். கதவை மூடவில்லை.

மறுநாள் பிரபுவின் கண்முன்னே வெண்படிகம் எழுந்தது. பிரபு எழுந்து நின்று, "தோத்துட்டேன்யா. முறுக்கிக்கோ" என்றார். வேந்தர் முறுக்கினார். காவியம் இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

ஆனால் வேதியியலார்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று நடந்துவிட்டால், அது நடக்காமல் போவதையும் பார்த்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். அன்று பிற்பகல், எல்லாவற்றையும் குடுவையில் போட்டு, இரும்பை மட்டும் போடாமல், அதே குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினார். எதுவும் நடக்கக்கூடாது. படிகம் எழுந்தது. முன்னிலும் அழகாக எழுந்தது.

குச்சியை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். கீறல்களுக்குள் கறுப்பாக அப்பியிருந்தது, அந்தக் குச்சி என்றோ எதிர் அறையில் சுழன்ற காலத்தில் ஒட்டிக்கொண்ட பல்லேடியம். வாஷிங் மெஷினுக்கும் அசையாத பல்லேடியம். பொன்னையே கரைக்கும் இராஜ திராவகத்தில் குச்சியை ஊறவைத்து, கறுப்பு மறையக் கழுவி, இரும்போடு மறுபடி போட்டார். தார்.

பகைவனின் படை இவர் கோட்டைக்குள்ளேயே ஒளிந்திருந்து இவருக்காகப் போரிட்டு வென்றிருக்கிறது. இது வேறு எவருக்கும் தெரியாது. பகைவனுக்கே தெரியாது. அவரோ தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று வெயில் இருக்கும்போதே என் கணவர் வீடு வந்தது எனக்கு ஆச்சரியம். சொன்னார். கேட்டுவிட்டு, "உங்களைத் தவிர யாருக்குங்க தெரியும்?" என்றேன்.

"அதான்மா பிரச்சினை. எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

குளியலறைக்குள் போனார். முதலில் கத்தரிக்கோல், பின் சவரக்கத்தி. இடப்பக்கப் படை வீழ்ந்தது. வலப்பக்கப் படை சிறிது நேரம் எதிர்த்து, பின் வீழ்ந்தது. வெளியே வந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதட்டில் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன்.

கூட்ட அரங்கில் அவர் மேடையேறியதும், வாய் திறக்குமுன்பே, முன்வரிசையில் இருந்த பிரபு எழுந்துவிட்டார். மற்றவர்களுக்கு அது வெறும் மழித்த முகம். பிரபுவுக்கு அது முழு அறிக்கை.

"இரும்பு ஒண்ணும் பண்ணலை" என்றார் என் கணவர் ஒலிபெருக்கியில். "என் குச்சியில ஒட்டியிருந்த உங்க பல்லேடியம்தான் எல்லாத்தையும் பண்ணிச்சு."

பிரபுவின் குரல் எழுந்தது: "அப்போ அது என் குச்சி. திருப்பிக் கொடு!"

சிரிப்பில் அரங்கம் இடிந்தது. அதில் மிகச் சத்தமாகச் சிரித்தவர் தோற்றவர். பரணி என்பது தோற்றவர் பெயரால் அமைவது என்பார்கள். தலைப்பை இப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

குச்சியை அவர் கொடுக்கவில்லை. குலவழக்கம். கழுவிய குச்சியை என்னிடம் தந்து, "இந்தா, உன் பல் டாக்டர் சீட்டுக்கு" என்றார். பிறகு புதுக் குச்சிகளும் புதுக் குடுவைகளுமாக இரும்போடு மறுபடி தொடங்கினார். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், இரும்பு, சந்தேகமில்லாமல் இரும்பே, கரண்டி நுனியில் நிற்குமளவு வெண்தூள் தந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிரபு, "இவ்வளவு தூளுக்கு இவ்வளவு மீசைதான்" என்று தீர்ப்பளித்தார். அதனால்தான் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவருக்குப் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் மீசை.

என் கணவர் போன பிறகு பிரபு வந்தார். தண்ணீர் கேட்டார். நான் எழுவதற்குள் அவரே சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவின் முன் நின்றுவிட்டார். விரலால் குச்சியைத் தொட்டார்.

"இது என்னுது, தங்கச்சி."

"தெரியும்ணா. எடுத்துக்கோங்க."

அது பிடித்திருந்த துண்டுத் தாளைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். தண்ணீரை எடுத்துக் குடித்து, ஃபிரிட்ஜ் கதவை மட்டும் நன்றாக அழுத்தி மூடிவிட்டுப் போனார்.

பல்லேடியம் துறந்த பரிசுத்தமே, இராஜ திராவகத்தில் நீராடிய வீராங்கனையே, சலவைச் சுழலில் மூழ்கியும் கரையேறிய கலமே, இரு வேந்தர் உரிமை கோரியும் எவர்க்கும் உரியதாகாத குறுங்காந்தமே, ஒரே ஒரு தாளைத் தாங்கும் உன் புஜபலம் நீடு வாழ்க! நீ தாங்கும் தாளில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், என் வேந்தர் தம் கையால் எழுதிய ஆணை இன்னும் கலையாமல் இருக்கிறது: பால், சமையலறைக்கு பல்பு.

பால் அன்றைக்கே வாங்கிவிட்டேன். பல்பு இன்னும் வாங்கவில்லை.